தீர்வை இல்லை

வாஞ்சூர் சுங்கச் சாவடியில் அன்று நான்தான் காவல்.
ஆனிக் கடைசி. காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் கொண்டாட்டம்.
வெடிச்சத்தம் இருபத்தொன்று எண்ணினேன்.
இருபத்திரண்டாவது, ஓட்டப்பந்தயத்துக்கு.

சர்வதேசப் பந்தயம் என்று தமுக்கடித்திருந்தார்கள்.
ஆட்கள் ஐந்து. தேசங்கள் ஐந்தோ, நாலரையோ:
பினாங்குக் கப்பலின் சமையற்காரன் ஆ சோங்,
காலியிலிருந்து வந்த கரோலிஸ்,
ஒரு நார்வே மாலுமி, பெயர் யார் வாயிலும் நுழையாததால்
ஏட்டிலும் நார்வே என்றே எழுதப்பட்டவன்,
எங்கள் உப்பு இலாகா பிக்ஃபோர்ட் துரை,
பிரான்சின் சார்பில் கோட்டுச்சேரி அருளப்பன்.
அவன் பிரான்சைப் பார்த்ததில்லை.

காரைக்கால் மாதா கோயிலில் புறப்பட்டு
நாகப்பட்டினம் துறைமுகத்தில் முடிக்க வேண்டும்.
அங்கே கோயில் கடிகாரம், இங்கே ரயில் கடிகாரம்,
இரண்டுக்கும் பத்து நிமிஷம் பேதம்.
எல்லைக் கல்லைத் தாண்டிய ஒவ்வொருவனும்
எடுத்த காலைக் கீழே வைப்பதற்குள்
பத்து நிமிஷம் தோற்றான்.
இதை யாரும் யோசிக்கவில்லை.

முதலில் வந்தவன் அருளப்பன்.
இடுப்பில் ஒரு பிராந்திப் புட்டி.
ஓடுகிறவனுக்குத் தண்ணீர் ஆகாது, பிராந்திதான் மருந்து
என்று வைத்தியர்கள் நம்பிய காலம்.
நான் மூங்கிலை இறக்கினேன்.
அந்நியச் சரக்கு. தீர்வை ஒரு ரூபாய் இரண்டணா.
அவன் அரைக்கால் சட்டையில் பை கூட இல்லை.

"கீழ ஊத்திடட்டா?"
ஊற்றினால் சாட்சியத்தை அழித்த குற்றம்.
"குடிச்சா?"
சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.
புட்டியில் இருப்பதற்குத் தீர்வை உண்டு.
வயிற்றில் இருப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

முக்கால் புட்டி. நின்றபடியே.
அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்திருந்தேன்.
பிறகு மூங்கிலைத் தூக்கினேன்.

நேரே போக வேண்டியவன்
வெட்டாற்றுப் பாலத்தருகே கீழே இறங்கிவிட்டான்.
ஆறு அப்போது வெறும் மணல்.
கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை,
மிராசுதாரும் பண்ணையாளும் ஒரே வார்த்தையால்
வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த வாரம்.
கடலுக்கு முதுகைக் காட்டி
மேற்கே ஓடினான்.

மற்றவை காதில் விழுந்தவை.
கரோலிஸை நாகூரில் ஒரு கல்யாண வீட்டார்
கைப்பிடித்து நெய்ச்சோற்றுக்கு உட்கார வைத்தார்கள்,
எழவே இல்லை.
நார்வேக்காரன் கடலைக் கண்டான், குதித்தான்,
நீந்தித் தன் கப்பலுக்கே போய்விட்டான்.
துரை நாகூர் ஸ்டேஷனில் ரயிலேறினார், முதல் வகுப்பு,
டிக்கெட் இலாகா கணக்கில்.
ஆ சோங் ஒருவன்தான் முழுக்க ஓடியவன்.
அவன் போனபோது நாடா பிடித்தவர்கள்
துரைக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அந்தி. சாவடி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஆற்றங்கரையில் கூச்சல்.
அருளப்பன் வருகிறான், மணலில், தள்ளாடித் தள்ளாடி.
அவன் குதிகாலுக்கு இரண்டு முழம் பின்னால்
புதுத்தண்ணீர்.
சருகும் நுரையும் யாரோ விட்ட ஒற்றைச் செருப்பும் தள்ளிக்கொண்டு,
பள்ளம் பள்ளமாக மோப்பம் பிடித்துக்கொண்டு.
அவன் மூச்சு வாங்க நின்றால்
அதுவும் ஒரு குழியில் நின்று நிரம்பிக்கொண்டது.

கீவளூருக்கு அந்தண்டை அதைச் சந்தித்தானாம்.
திரும்பி ஓடத் தொடங்கினானாம்.
கரையோடு கூடவே வந்தவர்கள் பந்தயம் கட்டியிருந்தார்கள்,
பாதிப் பேர் தண்ணீர் மேல்.
நாற்றங்காலில் பெண்கள் போட்ட குலவை
யாருக்கு என்று தெரியவில்லை.
பாலத்தூணை அவன் கை தொட்டது.
அதன் பிறகுதான் கால் நனைந்தது.

மேலே ஏறி வந்து காலிப் புட்டியை மேசையில் வைத்தான்.
"ரசீது வேணும்."
தீர்வை இல்லாததற்கு ரசீது கிடையாது என்றேன்.
"நான் மொதல்ல வந்தேன்னு
வேற எங்கய்யா எழுதியிருக்கு?"

இலாகா முத்திரை குத்தித் தாளை எடுத்தேன்.
ஆசாமி ஒருவன். புட்டி ஒன்று, காலி.
நேரம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
எந்தக் கடிகாரப்படி என்று கேட்டேன்.
அவன் வெளியே கையைக் காட்டினான். இருட்டில்
தூண்களைச் சுற்றிக்கொண்டு சத்தம் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீருக்கு முன், என்று எழுதினேன்.
தீர்வை: இல்லை.